சிம் அட்டைப் பதிவுச் சட்டங்கள்

கைபேசி இணைப்பு பெறுபவர் யார் என்பதை உறுதிசெய்து, அவருடைய பெயர், முகவரி, ஒளிப்படம், அடையாள ஆவண விவரம் ஆகியவற்றை அந்த எண்ணோடு சேர்த்துப் பதிந்து வைப்பதே சிம் அட்டைப் பதிவு ஆகும். இதைக் கட்டாயமாக்கும் சட்டங்களும் அரசாணைகளும் சிம் அட்டைப் பதிவுச் சட்டங்கள் எனப் பொதுவாகக் குறிப்பிடப்படுகின்றன. உலகில் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏதேனும் ஒரு வடிவில் இந்தக் கட்டாயம் உள்ளது. இந்தியாவும் அவற்றுள் ஒன்று. பெரும் நகரங்களில் ஐந்து நிமிட வேலையாக முடிந்துவிடும் இப்பதிவு, கிராமப்புறங்களில் வேறு விதமான சிக்கல்களைக் கொண்டது. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் போன்ற பகுதிகளை வைத்துப் பார்த்தால் அது தெளிவாக விளங்கும்.

ஏன் பதிவு?

தரைவழித் தொலைபேசிக் காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கம்பி ஒரு வீட்டுக்குப் போகிறது. அந்த வீட்டின் முகவரிதான் சந்தாதாரரின் அடையாளம். இந்தியாவில் 1995 ஜூலை 31 அன்று முதல் கைபேசி அழைப்பு கொல்கத்தாவிலிருந்து தில்லிக்குப் பேசப்பட்டது. கைபேசிக்குக் கம்பி இல்லை. அதிலும் முன்பணம் செலுத்திப் பேசும் பிரீபெய்ட் முறை பரவியபின், மாதக் கட்டணச் சீட்டு அனுப்பவேண்டிய தேவையும் போய்விட்டது. வாடிக்கையாளர் யார், எங்கே இருக்கிறார் என்பது நிறுவனத்துக்குத் தெரிந்தாக வேண்டும் என்ற வணிகக் காரணம் அத்துடன் மறைந்தது. பெட்டிக்கடையில் பணம் கொடுத்து மிட்டாய் வாங்குவதுபோல் சிம் அட்டையையும் வாங்க முடிந்தது. வணிகத்துக்குத் தேவைப்படாத அடையாளத்தை அரசு தன் பாதுகாப்புக் காரணங்களுக்காகக் கேட்கத் தொடங்கியதே இச்சட்டங்களின் தோற்றுவாய்.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் ஐரோப்பாவிலும் இது தொடங்கிவிட்டது. பெயர் கேட்காமல் விற்கப்பட்ட சுவிட்சர்லாந்து சிம் அட்டைகளை அல்-காய்தா அமைப்பினர் பயன்படுத்தியது தெரியவந்த பின், அந்நாடு 2004இல் பிரீபெய்ட் பதிவைக் கட்டாயமாக்கியது. பாகிஸ்தானில் 2014 டிசம்பரில் பெஷாவர் பள்ளித் தாக்குதல் நடந்ததை அடுத்து, 2015இல் எல்லா இணைப்புகளும் விரல்ரேகை வைத்து மறுபதிவு செய்யப்பட்டன. இந்தியாவில் ஜம்மு காஷ்மீரில் போலி ஆவணங்களால் பெறப்பட்ட இணைப்புகளைக் காரணம் காட்டி 2009 நவம்பரில் பிரீபெய்ட் சேவையையே மத்திய அரசு தடை செய்தது. 2010 ஜனவரியில் அத்தடை விலக்கப்பட்டது.

இந்தியாவில் நடைமுறை வளர்ந்த விதம்

சிம் அட்டைப் பதிவுக்கென்று இந்தியாவில் நெடுங்காலம் தனிச் சட்டம் இருந்ததில்லை. 1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டத்தின் கீழ் நிறுவனங்களுக்கு வழங்கப்படும் உரிமத்தின் நிபந்தனையாகவே அது இருந்தது. சட்டமன்றங்களோ நாடாளுமன்றமோ விவாதிக்காத ஒரு விதி, தொலைத்தொடர்புத் துறையின் சுற்றறிக்கைகள் வழியாகவே நாட்டு மக்கள் அனைவரையும் கட்டுப்படுத்தியது. இது சிறிய நுட்பம் போலத் தோன்றினாலும், பின்னாளில் உச்ச நீதிமன்றத்தில் வழக்கின் போக்கைத் தீர்மானித்தவற்றுள் இதுவும் ஒன்று.

அக்கால நடைமுறை கிராமத்தாருக்கு நன்கு நினைவிருக்கும். ஒரு படிவம், அதில் ஒட்ட ஒரு ஒளிப்படம், வாக்காளர் அட்டை அல்லது ரேஷன் அட்டையின் நகல், அதில் கையொப்பம் அல்லது கைநாட்டு. கடைக்காரர் இவற்றைச் சேர்த்து முகவரிடம் கொடுப்பார். ஓட்டை இங்கேதான் இருந்தது. ஒரு நகல் கொடுத்தால் அதை இரண்டு நகல் எடுப்பது எளிது. ஒருவர் ஒரு சிம் வாங்கிச் செல்ல, அவர் பெயரிலேயே இன்னும் இரண்டு மூன்று இணைப்புகள் உயிர்பெற்று, யாரோ ஒருவர் கைக்குப் போய்ச் சேரும். விற்பனை இலக்கை எட்ட வேண்டிய நெருக்கடியில் முகவர்களும் இதைக் கண்டும் காணாமல் இருந்தனர்.

இக்குறைபாட்டை முன்வைத்து அவிஷேக் கோயங்கா என்பவர் தொடுத்த பொதுநல வழக்கில் 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சந்தாதாரர் சரிபார்ப்பைச் சீர்செய்யத் தொலைத்தொடர்புத் துறையும் ஒழுங்குமுறை ஆணையமான டிராயும் சேர்ந்த வல்லுநர் குழு அமைக்க அது உத்தரவிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் துறை விரிவான புதிய அறிவுறுத்தல்களை வெளியிட்டது. ஆவணத்தின் மூலப் பிரதியைக் கடைக்காரர் நேரில் பார்த்துச் சான்றளிக்க வேண்டும், சரிபார்ப்பு முடியுமுன் இணைப்பை இயக்கக் கூடாது என்பன அவற்றின் சாரம்.

ஆதார் இணைப்பும் அதன் வீழ்ச்சியும்

லோக்நீதி அறக்கட்டளை தொடுத்த வழக்கில் 2017 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. சந்தாதாரர்களைச் சரிபார்க்க ஓராண்டுக்குள் பயனுள்ள திட்டம் ஒன்றை ஏற்படுத்துவதாக மத்திய அரசு கூறியதை அது பதிவு செய்தது. தொலைத்தொடர்புத் துறை 2017 மார்ச் 23 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டு, நாட்டிலுள்ள எல்லாக் கைபேசி எண்களையும் ஆதார் விரல்ரேகை மூலம் மறுசரிபார்ப்பு செய்யும்படி நிறுவனங்களைப் பணித்தது. 2018 பிப்ரவரி 6க்குள் முடிக்க வேண்டும் என்பது கெடு.

அதன்பின் நடந்ததை நாடு முழுதும் மறந்திருக்காது. "உங்கள் எண்ணை ஆதாருடன் இணைக்காவிட்டால் சேவை துண்டிக்கப்படும்" என்ற பொருளில் குறுஞ்செய்திகள் நாள்தோறும் வந்தன. அழைப்பு எடுத்தாலும் அதே எச்சரிக்கைக் குரல். வங்கிக் கணக்கு, எரிவாயு இணைப்பு, பான் அட்டை என எல்லாவற்றுக்கும் ஆதார் கேட்கப்பட்ட காலம் அது.

அப்போது வெளிப்பட்ட ஒரு நிகழ்வு மாணவர்கள் அறியத்தக்கது. எரிவாயு மானியம் வாடிக்கையாளரின் ஆதாருடன் கடைசியாக இணைக்கப்பட்ட வங்கிக் கணக்குக்குச் செல்லும் வகையில் அமைப்பு இருந்தது. ஏர்டெல் நிறுவனத்தில் சிம் சரிபார்ப்புக்காக விரல்ரேகை வைத்த பலருக்கு, அவர்களுடைய தெளிவான இசைவு இன்றியே அந்நிறுவனத்தின் பேமென்ட்ஸ் வங்கியில் கணக்குத் தொடங்கப்பட்டு, அவர்களின் மானியம் அக்கணக்கில் போய் விழுந்தது தெரியவந்தது. 2017 டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்நிறுவனத்தின் மின்வழிச் சரிபார்ப்பு உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. சிம்முக்காக வைத்த கைநாட்டு, வைத்தவருக்கே தெரியாமல் வேறொன்றுக்கும் பயன்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

2018 மார்ச் 13 அன்று, இறுதித் தீர்ப்பு வரும்வரை கெடுவை நீட்டித்து உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 26 அன்று, நீதியரசர் கே. எஸ். புட்டசாமி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பாக ஆதார் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், 2017 மார்ச் 23 சுற்றறிக்கையைச் செல்லாது என்றது. அதற்குப் பின்புலமாகச் சட்டம் ஏதும் இல்லை. சிலர் செய்யும் தவறுக்காக மக்கள் அனைவரின் அந்தரங்கத்திலும் நுழைவது அளவு மீறிய செயல் என்பது அதன் கருத்து. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக 2017 ஆகஸ்ட் 24இல் தீர்ப்பளித்திருந்தது இதற்கு அடித்தளமாக அமைந்தது.

ஆனால் ஆதார் அத்துடன் சிம் கடையை விட்டுப் போய்விடவில்லை. 2019இல் நாடாளுமன்றம் ஆதார் சட்டத்தையும் தந்திச் சட்டத்தையும் திருத்தி, வாடிக்கையாளர் தாமே விரும்பினால் ஆதாரைப் பயன்படுத்தலாம் என்று வழி செய்தது. வேறு அடையாள ஆவணம் கொடுக்கும் உரிமை சட்டத்தில் உண்டு. 2024 ஜனவரி 1 முதல் காகிதப் படிவ முறை கைவிடப்பட்டு, பதிவு முழுவதும் மின்வழிக்கு மாறியது. இப்போது கடைக்காரரின் கைபேசியில் ஆதார் எண்ணைச் சொல்வது இரண்டு நிமிட வேலை. மற்ற ஆவணங்களைப் படமெடுத்து ஏற்றுவது அதைவிட நீளும். விருப்பம் என்பது சட்டத்தில் இருந்தாலும், வரிசையில் நிற்பவருக்கு அது பெரும்பாலும் எட்டுவதில்லை.

வில்லியனூர், பாகூர் பகுதிகளின் நிலை

புதுச்சேரி மாவட்டம் ஒரே நிலப்பரப்பாக இல்லாமல், தமிழ்நாட்டின் கடலூர், விழுப்புரம் மாவட்டங்களுக்கு இடையே துண்டு துண்டாகக் கிடக்கிறது. அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் ஆகிய ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள் இதன் ஊரகப் பகுதி. பாகூர் ஏரியை நம்பிய நெல் விவசாயத்துக்குப் பெயர் பெற்றது பாகூர். இங்குள்ளவர்கள் கடைத்தெரு வேலைக்குக் கடலூர் செல்வது இயல்பு. வில்லியனூர் கொம்யூனில் வயல்களும் உண்டு, சேதராப்பட்டு தொழிற்பேட்டையும் உண்டு.

ஆட்சி எல்லை வேறாக இருந்தாலும் தொலைத்தொடர்பில் இப்பகுதிகள் தமிழ்நாடு வட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே பாகூர்க்காரர் கடலூரில் சிம் வாங்குவதில் வட்ட எல்லை குறுக்கே வருவதில்லை. சிக்கல் வெளிமாநிலத் தொழிலாளருக்கே. ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தவரின் ஆவணங்களில் சொந்த ஊர் முகவரி இருக்கும். 2012 அறிவுறுத்தல்கள் இத்தகையோரிடம் உள்ளூர் முகவரியும், அவரை அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவரின் தொடர்பு விவரமும் கேட்டன. கங்காணியையும் அறை உரிமையாளரையும் தவிர யாரையும் அறியாதவருக்கு இது எளிதல்ல. அதனால் ஒருவர் பெயரில் வாங்கிய சிம்மை மற்றவர் பயன்படுத்துவது அவர்களிடையே வழக்கமாயிற்று. குற்ற எண்ணம் எதுவும் இல்லாமலே சட்டத்தை மீறும் நிலை இது.

உள்ளூர் மக்களின் சிக்கல் வேறு. விவசாயக் கூலி வேலை செய்யும் ஒரு மூதாட்டியை எடுத்துக்கொள்ளலாம். நாற்று நட்டும் களை பறித்தும் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி பலமுறை ஏற்பதில்லை. வயது கூடக்கூட ரேகை மங்குவதும் இயல்பு. கடைக்காரர் இரண்டு மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு, "ஆயா, உங்க பையனை வரச் சொல்லுங்க" என்பார். பையன் விரலை வைப்பான். இணைப்பு அவன் பெயருக்கு ஆகிவிடும். அன்றைக்கு வேலை முடிந்தது. சிக்கல் அன்றுதான் தொடங்குகிறது.

ஏனென்றால் கைபேசி எண் இன்று பேசுவதற்கு மட்டும் உரியது அன்று. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அரிசிக்குப் பதிலாகப் பணத்தை நேரடியாக வங்கிக் கணக்கில் செலுத்தும் முறை 2015 செப்டம்பரில் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் தொடங்கப்பட்டது. வேறு மாநிலங்களில் ரேஷன் கடை வாசலில் தெரிந்துகொள்ளும் செய்தியை, புதுச்சேரிக் கிராமத்தார் வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியில் தேட வேண்டியதாயிற்று. நூறு நாள் வேலைக் கூலியும் முதியோர் உதவித்தொகையும் வங்கி வழியே வருபவை. ஆதாரில் திருத்தம், வங்கிப் பரிமாற்றம் எதற்கும் ஒருமுறைக் கடவுச்சொல்லான ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். எண்ணைப் பயன்படுத்துபவர் தாய்; பதிவேட்டில் உரிமையாளர் மகன். மகன் வெளிநாடு போயிருக்கும்போது கைபேசி தொலைந்தால், மாற்று சிம் வாங்கத் தாயால் முடியாது. மகனுக்கும் தாய்க்கும் மனத்தாங்கல் என்றால் சொல்லவே வேண்டாம். ரீசார்ஜ் செய்யாமல் விட்டு எண் செயலிழந்தால், குறைந்தது 90 நாள் கழித்து நிறுவனம் அதை வேறொருவருக்கு ஒதுக்கலாம். பழைய வங்கிச் செய்திகள் முன்பின் தெரியாதவர் கைக்குப் போகும்.

இதற்குத் தீர்வு சட்டத்திலேயே ஓரளவு உள்ளது. விரல்ரேகை ஏற்கப்படாதவர் வாக்காளர் அட்டை போன்ற வேறு ஆவணம் கொடுத்துத் தம் பெயரிலேயே இணைப்பு பெறலாம். ஏற்கெனவே உறவினர் பெயரில் உள்ள எண்ணை, அவர் இசைவுடன் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளவும் நிறுவனங்களிடம் வழி உண்டு. உரிமையாளர் இறந்திருந்தால் இறப்புச் சான்றுடன் வாரிசு விண்ணப்பிக்கலாம். ஆனால் இதற்கு நிறுவனத்தின் சொந்தச் சேவை மையத்துக்குப் போக வேண்டியிருப்பதால், பெட்டிக்கடை அளவில் வேலை நடப்பதில்லை.

பள்ளி மாணவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2021 செப்டம்பரில் வெளியான ஆணைப்படி 18 வயது நிரம்பாதவருக்குப் புதிய சிம் வழங்கக் கூடாது. எனவே மேல்நிலை வகுப்பு மாணவர் கையிலிருக்கும் எண் பெற்றோர் பெயரில்தான் இருக்கும். அந்த எண்ணிலிருந்து நடக்கும் எதற்கும் காவல்துறை முதலில் தேடி வருவது பெற்றோரையே.

2023ஆம் ஆண்டின் புதிய சட்டம்

இணைய மோசடிகள் பெருகியதும் அரசின் கவனம் வாங்குபவரிடமிருந்து விற்பவரிடமும் திரும்பியது. 2023 ஆகஸ்டில் அப்போதைய தொலைத்தொடர்பு அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், முறைகேடான 52 லட்சம் இணைப்புகள் துண்டிக்கப்பட்டதாகவும், 67,000 முகவர்கள் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டதாகவும் அறிவித்தார். சிம் விற்கும் ஒவ்வொரு கடையும் நிறுவனத்திடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற விதி அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவில்லாத கடை மூலம் விற்றால் நிறுவனத்துக்குக் கடைக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம். மொத்தமாக இணைப்பு வழங்குவதும் நிறுத்தப்பட்டது. திருவிழாக்களில் குடை விரித்து இலவசமாக சிம் கொடுத்த காலம் இதனால் ஏறத்தாழ முடிவுக்கு வந்தது.

அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் தொலைத்தொடர்புச் சட்டம், 2023ஐ நிறைவேற்றியது. டிசம்பர் 24 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். 1885 தந்திச் சட்டத்துக்கு மாற்றாக வந்த இச்சட்டத்தில் பயனர் அடையாளம் வெளிப்படையான சட்ட வாசகமாக இடம்பெற்றது. 3ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவு, அரசு அறிவிக்கும் சேவைகளில் பயனரைச் சரிபார்க்கத்தக்க உயிரியளவு அடையாளத்தின் மூலம் இனங்காண வேண்டும் என்கிறது. விரல்ரேகை, கருவிழி, முகம் போன்றவை உயிரியளவுகள். 2018இல் நீதிமன்றம் சுற்றறிக்கையை நிராகரித்ததற்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று, சட்ட ஆதரவு இல்லை என்பது. அந்தக் குறையை இப்பிரிவு நீக்குகிறது. அளவு மீறல் என்ற மற்றக் காரணத்துக்கு இதில் விடை இல்லை. 2024 ஜூன் 26 அன்று சட்டத்தின் பல பிரிவுகள் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டபோது அப்பட்டியலில் 3ஆம் பிரிவு சேர்க்கப்படவில்லை.

பயனரின் கடமைகளும் தண்டனைகளும் அப்பட்டியலில் இருந்தன. அடையாளத்தை மெய்ப்பிக்கும்போது பொய் விவரம் தருவதும் ஆள்மாறாட்டம் செய்வதும் 29ஆம் பிரிவின்படி தவறு. மோசடியாகவோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் பெற்றால் 42ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புகளே இருக்கலாம். ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் ஆறு. வரம்பை மீறினால் முதல் முறை 50,000 ரூபாய் வரையும், அடுத்த முறைகளில் 2 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். சில நூறு ரூபாய்க்காகத் தம் பெயரில் சிம் வாங்கி அறிமுகமற்றவரிடம் கொடுக்கும் இளைஞர்கள் இந்த எண்களை நினைவில் கொள்வது நல்லது. அப்படிப் பெறப்பட்ட இந்திய சிம் அட்டைகள் கம்போடியா போன்ற நாடுகளில் இயங்கும் மோசடிக் கூடங்கள் வரை போயிருக்கின்றன.

பயன் உண்டா?

பதிவுக் கட்டாயத்தால் குற்றம் குறைகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று கைபேசி நிறுவனங்களின் உலகளாவிய சங்கமான ஜி.எஸ்.எம்.ஏ. தன் 2016ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. மெக்சிகோ 2009இல் ஒரு தேசியப் பதிவேட்டை உருவாக்கிச் சில ஆண்டுகளிலேயே கைவிட்டது. 2021இல் உயிரியளவுடன் கூடிய புதிய பதிவேட்டுக்குச் சட்டம் இயற்றியது. அதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் ரத்து செய்தது. மறுபக்கம், ஜெர்மனியின் பதிவுச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2020 ஜனவரியில் அது உரிமை மீறல் அன்று என்று தீர்ப்பளித்தது. பெயர், முகவரி போன்ற சில விவரங்களே அங்கு சேமிக்கப்படுகின்றன என்பதையும் அந்நீதிமன்றம் கருத்தில் கொண்டது. பிலிப்பைன்ஸ் 2022 அக்டோபரில் சட்டம் கொண்டுவந்தது. பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் இன்றும் இத்தகைய கட்டாயம் இல்லை.

எனினும் மோசடி நடந்த பின் விசாரணை எங்காவது தொடங்க வேண்டும். அதற்குப் பதிவேடு உதவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. பதிவேட்டில் இருப்பது ஏமாற்றியவர் பெயரா, பெயர் கொடுத்து ஏமாந்தவர் பெயரா என்பதே காவல்துறையினர் சந்திக்கும் சிக்கல்.

தம் பெயரில் உள்ள எண்களை அறிதல்

ஒருவர் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதை அவரே பார்த்துக்கொள்ளும் வசதி 2023 மே 16 அன்று தொடங்கப்பட்ட சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உள்ளது. கைபேசி எண்ணைக் கொடுத்து, அதற்கு வரும் ஓடிபியைப் பதிந்தால் பட்டியல் தெரியும். அறிமுகமில்லாத எண் இருந்தால் "இது என் எண் இல்லை" என்றும், இருந்தும் தேவையில்லாததைத் "தேவையில்லை" என்றும் குறித்துப் புகார் அளிக்கலாம். தொலைந்த கைபேசியை முடக்கவும் அதே தளத்தில் வழி உண்டு. மோசடியில் பணம் இழந்தவர்கள் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்கு மாறுமுன் வங்கியில் தடுத்துவைக்க முதல் சில மணி நேரமே ஏற்றது. வில்லியனூரிலோ பாகூரிலோ இணைய வசதியில்லாத முதியவர்களுக்கு வீட்டிலுள்ள மாணவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை எடுத்துக் காட்டலாம். எண் பேரன் பெயரில் இருந்தால், பாட்டியின் பட்டியலில் அது வராது, பேரனுடையதில்தான் வரும்.